சதுர நெகட்டிவில் நாலாவது ஆள்

1. கதவில் இரண்டு ஆணி

கும்பகோணத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டூடியோவில் முதல் நாளே என்னை இருட்டறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவின் உட்பக்கம் மேலே ஓர் ஆணி, கீழே ஓர் ஆணி. பெரிய டின்னில் மொத்தமாக வரும் ஃபிலிமை மேல் ஆணியில் பிடித்துக் கீழ் ஆணி வரை இழுத்து, கத்தரித்து, சின்னக் குப்பியில் சுற்ற வேண்டும். அந்த நீளத்துக்கு முப்பத்தாறு படம் வரும். எல்லாம் கும்மிருட்டில்.

முதலாளி வெளியே நின்று குரல் கொடுத்தார். "கை நடுங்காம இழும்மா. ஒரு சாண் கூடுனா நஷ்டம் எனக்கு. ஒரு சாண் கொறஞ்சா தாலி கட்டுற நேரத்துல ரோல் முடிஞ்சுடும். அப்புறம் பொண்ணு வீட்டுக்காரன் நம்ம ரெண்டு பேரையும் கட்டி வெச்சு ஒதப்பான்."

"ஒண்ணுமே தெரியலையே சார்."

"தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா ஃபிலிம் போச்சு."

எனக்கு முன்னால் சேர்ந்த இரண்டு பெண்கள் அந்த அறைக்குப் பயந்தே நின்றுவிட்டார்களாம். எனக்குப் பயம் வரவில்லை. இருட்டில் தனியாக இருப்பதை ஒரு திறமை என்று அன்றைக்குப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். அதையே பின்னால் வாழ்க்கை முழுக்கச் செய்யப் போகிறோம் என்று யார் கண்டது?

2. எந்த வேலைக்கு எந்த ரோல்

இப்போது குத்தாலத்தில் சொந்தமாகச் சின்ன ஸ்டூடியோ. கீழே கடை, மேலே வீடு. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. பிள்ளை இல்லை. சோறு போடுவது பாஸ்போர்ட் சைஸ் படமும் லேமினேஷனும். கல்யாணமெல்லாம் டிஜிட்டல்தான். ஆனால் சில வருஷங்களாக இளவட்டங்கள் மறுபடியும் ஃபிலிம் கேட்டு வருகிறார்கள். சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். ஒரு ஆள் சமையலுக்கு ஃபிரிட்ஜில் எவ்வளவு இடம் வேண்டும்? தயிர், மாவு போக மீதி இடமெல்லாம் ஃபிலிமுக்குத்தான். வெளியே எடுத்தவுடன் மாட்டக் கூடாது, நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்துவிடும். ஒரு சமையல் முடிகிற நேரம் வெளியே கிடக்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரோல் வாங்கணும்?" எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முப்பத்தாறு படம், நமக்காக நிற்காத காரியங்களுக்கு. கல்யாணம், தேர், சாமி புறப்பாடு. வீட்டு உபயோகத்துக்கு அதை வாங்காதீர்கள். பாதி எடுத்துவிட்டுப் பீரோவில் வைத்துவிடுவார்கள். கழுவினால் பொங்கல், காதுகுத்து, அடுத்த பொங்கல் மூன்றும் ஒரே ரோலில் வரும், மூன்றும் மங்கலாக. உட்காரவைத்து எடுக்கிற வேலைக்கு இருபத்துநாலு தாராளம்.

அகல ஃபிலிம் வேறு ஜாதி. காகிதத்தோடு சுற்றி வரும். ஒரே ரோல்தான். அதைச் சதுரமாக எடுக்கிற கேமராவில் போட்டால் பன்னிரண்டு, சின்னச் செவ்வகத்தில் பதினாறு, நீளப் படமாக எடுத்தால் எட்டு. நான் வைத்திருப்பது சதுரக் கேமரா, மேலிருந்து குனிந்து பார்ப்பது. சதுரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. நெகட்டிவ் பெரிது, அதனால் அச்சுப் போடும்போது ஓரத்தை வெட்டித் தள்ளினாலும் முகம் பொரிபொரியாக உடையாது. சின்ன ஃபிலிமில் அந்த வேலையைச் செய்தால் முகத்தில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்.

வெட்டுவதற்கு என்ன அவசியம் என்றால், எங்கள் பக்கம் மூன்று பேராக நின்று படம் எடுக்க மாட்டார்கள். நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. அரசாங்கம் ஒரு பிள்ளை போதும் என்றது. ஃபோட்டோவுக்கு நிற்க நாலாவது ஆளை யார் கொடுப்பது? அதனால் யாரையாவது ஓரத்தில் நிற்கவைத்து எடுத்து, அச்சில் அவரை வெட்டிவிடுவோம். நெகட்டிவில் நாலு பேர், அச்சில் மூன்று பேர். சாமிக்கும் கணக்குச் சரி, வீட்டுக்கும் சரி.

சுகன்யா கடைக்கு வந்தது குறுவை நெல்லுக்குத் தண்ணீர் வந்த சமயம். தெற்கே ஆற்றைத் தாண்டி அவர்கள் ஊர். அப்பா கலியபெருமாள் குத்தகைக்கு நெல் போடுகிறவர். இவள் நர்ஸ், அயர்லாந்துக்கு வேலைக்குப் போகிறாள்.

"முப்பத்தாறு படம் வர்ற ரோல் போடுங்கக்கா. நெறைய எடுக்கலாம்ல?"

"நெறைய எதுக்கு? உனக்கு எத்தன படம் வேணும்?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு. நான், அப்பா, அம்மா. வேற யாரும் இல்லாம. பொறந்ததுலேந்து எங்க மூணு பேருக்கு ஒரு படம் கெடையாதுக்கா. அம்மா விடாது. எல்லாத்துலயும் நாலாவதா ஒரு ஆள் நிக்கும். என் மூணாவது பொறந்தநாள் படத்துல பால்காரர் நிக்கிறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்கு டயாலிசிஸ் போயிட்டிருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சுதான் நான் திரும்பி வர முடியும். நான் நர்ஸ், எனக்கு யாரும் சொல்ல வேணாம். நான் வர்றப்போ அப்பா இருக்க மாட்டாரு."

"போன்ல எடுத்துக்கலாமே?"

"எடுத்தேன். அம்மா போனப் புடுங்கி அழிச்சுட்டுது. ஃபிலிம்னா உள்ள என்ன இருக்குன்னு பாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாதுல்ல?"

இத்தனை வருஷத்தில் ஃபிலிமுக்கு இப்படி ஒரு காரணத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சின்னக் கேமராவில் இருபத்துநாலு, வந்து போகிறவர்களுக்கு. சதுரத்தில் ஒரு ரோல், அந்த ஒரு படத்துக்கு. பன்னிரண்டு வாய்ப்பு இருக்கிறது, தாராளம் என்றேன். ஊரைப் பற்றித் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னதுதான் வேடிக்கை.

3. நடுவில் வந்து நிற்பவர்கள்

கிளம்புகிற அன்று காலையில் போனேன். திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வரவேண்டிய நாள். வாசல் நிறையப் பெண்கள். கலியபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், முகம் வீங்கி, வேட்டி சட்டை புதுசாக. அவர் மனைவி மல்லிகா உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டே இருந்தார். அழக் கூடாது என்று வைராக்கியமாக இருப்பவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

சின்னக் கேமராவில் இருபத்துநாலும் பக்கத்து வீடுகளுக்கே போயிற்று. அதற்கென்று கொண்டுபோனதுதான், வருத்தமில்லை. ஸ்டாண்டைப் போட்டுச் சதுரக் கேமராவை ஏற்றி, "குடும்பம் மட்டும் வாங்க" என்றேன். அப்பா நாற்காலியில், மகள் நடுவில், அம்மா அந்தப் பக்கம்.

நான் குனிவதற்குள் மல்லிகா, "அய்யய்யோ, மூணு பேராச்சே! செல்வி, வாடி" என்றார். பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள். ஓரத்தில் நின்றிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவள் நேராக நடுவில் புகுந்து சுகன்யாவின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன்."

"ஏன், நாங்க ஓரமா நிக்கிற ஆளா? தூக்கி வளத்தவ நானு."

வெட்டுவதற்கு வசதியாக நில்லுங்கள் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது? எடுத்தேன். செல்வியைக் கூப்பிட்டு என்னைக் கூப்பிடவில்லையா என்று அடுத்தவர் வந்தார். அவரும் நடுவில். சித்தி முறை ஒருத்தி, தையல்காரி, மகளிர் சங்கத்துத் தலைவி. ஒவ்வொருவரும் சுகன்யாவைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கண்ணை மூடிவிட்டார், மறுபடி எடுக்கச் சொன்னார். நான் லீவரைச் சுற்றச் சுற்ற சுகன்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது படத்தில் எனக்கே கோபம் வந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது? எல்லாம் பாசம்.

அந்த நேரம் தெருவில் லோடு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. நடவுக்குப் போகிற ஆட்டோ. "போய்ட்டு வா கண்ணு", "போய் போன் போடு" என்று ஆளுக்கொரு முத்தம் கொடுத்துவிட்டு அத்தனை பேரும் ஏறிப் போய்விட்டார்கள். தெரு சட்டென்று காலியாயிற்று. மூன்று பேரும் நானும் மட்டும். கவுண்டரில் பன்னிரண்டு, கடைசி ஃபிரேம். கார்க்காரர் வந்து பெட்டியை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

4. கடைசி ஃபிரேம்

"இப்ப எடுங்கக்கா" என்றாள் சுகன்யா.

மல்லிகா விலகிப் போய்விட்டார். "நடுவுல நீ நிக்கிறடி. ஆகாயத்துல போறவ. நான் மாட்டேன்."

"அம்மா, ஒரே ஒரு படம்."

"ஒனக்கு ஒண்ணு ஆனா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" அவர் குரல் உடைந்தது. மூட நம்பிக்கை என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த இடத்தில் நின்றிருந்தால் யாருக்கும் அந்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

கார்க்காரரைக் கூப்பிடலாம் என்றால் அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "நான் வண்டி ஓட்டணுங்க, என்ன விட்டுடுங்க" என்றார்.

சுகன்யா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கேமராலயே டைமர் இருக்குல்ல? நீங்க வந்து ஓரமா நில்லுங்க. அப்புறம் வெட்டிடலாம்." கடைசி வார்த்தையை அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னாள்.

மல்லிகா என் நெற்றியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அவங்களா... கெளம்புற நேரத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது. கேமராவுக்குப் பின்னால் நிற்கும்வரை என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தாலி கட்டுகிற இடத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று எடுத்திருக்கிறேன். முன்னால் வந்து நிற்பது வேறு. பழகிப்போனதுதான், ஆனாலும் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட இருந்தது.

கலியபெருமாள் அதுவரை வாயே திறக்கவில்லை. "மல்லிகா, பேசாம இரு. மணியாவுது" என்றார். என்னிடம், "அம்மா, நீங்க வாங்க" என்றார்.

குனிந்து பார்த்து ஃபோகஸ் வைத்தேன். எனக்கான இடத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டேன், அவர் நாற்காலிக்கு இரண்டு ஆள் இடம் விட்டு. அப்போதுதான் வெட்டச் சுலபம். டைமரைத் தட்டிவிட்டு ஓடிப் போய் நின்றேன். கேமரா கர்ர் என்று கத்திக்கொண்டிருந்தது.

"அங்க ஏம்மா நிக்கிறீங்க? கிட்ட வாங்க" என்றார் கலியபெருமாள்.

"இல்லைங்க, இங்கதான். அசையாதீங்க. நேரா பாருங்க."

க்ளிக் என்றது. சுகன்யா அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிவிட்டாள். மல்லிகா கார் போன பிறகும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

5. தோளோடு நின்ற படம்

கறுப்பு வெள்ளையை நானே கழுவுகிறேன். மாடியில் குளியலறைதான் இருட்டறை. ரேடியோவும் போடுவதில்லை. மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டே பேசினால் என் குரல் எனக்கே திடுக்கென்று இருக்கும், அதனால் பேசுவதும் இல்லை.

முழு நெகட்டிவையும் மாதிரிக்கு ஓர் அச்சுப் போட்டேன். நாலு பேரும் தட்டில் எழுந்து வந்தார்கள். நன்றாக வந்திருந்தது. மல்லிகா முகத்தில் பயம் இருந்தது, ஆனால் மகளின் கையைப் பிடித்திருந்தார். கலியபெருமாள் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. என் பக்கம் லேசாகத் திரும்பி, ஒரு கையை நீட்டி, விரல்களை மடக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கையை இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். பிறகு வேலை ஞாபகம் வந்தது. அந்தப் பெண் கேட்டது மூன்று பேர். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வெட்டக் கூடாது, மூட்டில் வெட்டினால் ஊனம் மாதிரி தெரியும். அதனால் இன்னும் உள்ளே தள்ளி அவர் தோளோடு வெட்டினேன். மூன்று முகமும் நெருங்கி வந்து படம் அம்சமாக அமைந்தது. ஒன்றை ஸ்கேன் செய்து சுகன்யாவுக்கு அனுப்பினேன். "அக்கா" என்று மட்டும் பதில் வந்தது, பிறகு அழுகிற பொம்மைகள் வரிசையாக. இன்னொன்றைச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

குறுவை அறுப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைத்தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. அதிலிருந்த முகம் என் படத்திலிருந்து எடுத்தது. கன்னத்தில் விழுந்த வாசல் வெளிச்சத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். சுகன்யாவால் வர முடியவில்லையாம், வீடியோவில் பார்த்தாளாம்.

நான் துக்கத்துக்குப் போகவில்லை. கிளம்பிப் புடவைகூட மாற்றினேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மல்லிகா ஆரம்பித்து நிறுத்திய வாக்கியத்தை இன்றைக்கு முடித்துவிட்டால்? இவ நின்னாளே, அதான். அப்படி ஒருத்தி சொன்னால் பத்துப் பேர் ஆமாம் என்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழ எனக்கு ஆள் இல்லை. அதுதான் பயம்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் மத்தியானம் மல்லிகாவே கடைக்கு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பேங்கில் கொடுக்கப் பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்றார். ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தேன். படம் பிரிண்டரில் வந்துகொண்டிருந்தபோது கேட்டார்.

"அவரு கை எங்கம்மா?"

"எந்தக் கைங்க?"

"அன்னிக்கு ஒங்களக் கூப்புடக் கைய நீட்டுனாரே. வீட்டுல மாட்டிருக்க படத்துல தோளோட நிக்குது. தெனமும் பாக்குறேன். கை இல்லாம இருக்காரு."

மாடிக்குப் போய், வெட்டாத அந்த முழு அச்சை எடுத்து வந்து கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கையைத் தடவினார். பிறகு விரல் அப்படியே நகர்ந்து நான் நிற்கும் இடத்துக்கு வந்தது.

"கூப்புட்டாருல்ல? நீங்க ஏன் அவ்வளவு தள்ளி நின்னீங்க?"

"வெட்டுறதுக்கு வசதியா இருக்கும்னுதாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலைங்க."

"சொல்ல வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நான் போற எடத்துல அதையே என்னப் பாத்துச் சொல்ல வர்றாங்க. ஒங்களத்தான் நெனச்சுக்கிறேன். நடுவுல நின்னது எம்பொண்ணு. அவ நல்லாத்தான் இருக்கா. நீங்க வந்து நின்ன புண்ணியம்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன், மறைக்கவில்லை.

"இத வெட்டாம பெருசாப் போட்டுக் குடுங்க" என்றார்.

"என்னையும் சேர்த்தா வீட்டுல மாட்டுவீங்க?"

"பின்ன? கைய மட்டும் தனியாப் போட்டுக் குடுப்பீங்களா?"

6. கற்றுக்கொண்டது

சதுர ஃபிலிம் எடுங்கள், வெட்ட இடம் இருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். கத்தியை வைக்கும் முன்பு, போகிற பக்கத்தில் யாருடைய கை இருக்கிறது என்று ஒரு முறை முழுப் படத்தையும் பாருங்கள். முடிந்தால் முழுசாக ஒன்று போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

மல்லிகாவுக்குப் போட்டபோது எனக்கும் ஒரு பிரதி போட்டுச் சட்டம் கட்டினேன். மாட்டாமல் பல நாள் பீரோ மேலேயே வைத்திருந்தேன். மாட்டினால் வருகிறவர்கள் இவர்கள் யார், உங்களுக்கு என்ன முறை என்று கேட்பார்கள், என்ன பதில் சொல்வது என்று யோசனை. மாடிக்கு யாரும் வருவதே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆணி அடித்து மாட்டிவிட்டேன்.